எதிர்ப்புச் சக்தி கூடினால் குட்டி குறையும்: ஹிர்ட்டா தீவு ஆடுகள்

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது எப்படி" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒரு காணொளியாவது வந்துவிடும். கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரோடு ஆரம்பித்த பழக்கம், இன்னும் நின்றபாடில்லை. அந்தக் காணொளிகள் எல்லாவற்றிலும் ஒரே எண்ணம்தான் ஊறிக்கிடக்கிறது: எதிர்ப்புச் சக்தி எவ்வளவு கூடினாலும் நல்லதுதான், கூடிப்போய்க் கெட்டவர் யாரும் இல்லை.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தச் சக்தியைத் தரும் நல்ல மரபணு ஒன்று இருந்தால், இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் அது எல்லா உயிருக்கும் பரவி முடிந்திருக்க வேண்டாமா? ஒரே மந்தையில், ஒரே மேய்ச்சலில், ஒரு ஆடு புழு வைத்து இளைத்துச் சாகிறது, பக்கத்தில் நிற்பது அதே புல்லைத் தின்றுவிட்டுக் கொழுகொழுவென்று நிற்கிறது. ஏன் இந்த வித்தியாசம் இன்னும் அழியாமல் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு நான் படித்தவரை நேர்மையான பதில் தந்திருப்பவை ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் கிடக்கும் ஒரு தீவின் செம்மறி ஆடுகள்தான். கொஞ்ச நாளாக அவற்றைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தீவுக்கூட்டத்தின் பெயர் செயின்ட் கில்டா. ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளிலிருந்தும் மேற்கே 60 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதில் பெரிய தீவு ஹிர்ட்டா, பெரியது என்றால் ஆறேழு சதுர கிலோமீட்டருக்குள்தான். காலங்காலமாக அங்கே மனிதர்கள் இருந்தார்கள், கடற்பறவை பிடித்தும் ஆடு வளர்த்தும் பிழைத்தார்கள், கடைசியில் முடியாமல் போய் 1930 ஆகஸ்ட்டில் மிச்சமிருந்த 36 பேரும் அரசுக்கு மனுப் போட்டுக் கப்பலேறிவிட்டார்கள். தங்கள் ஆடுகளையும் கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்துத் தீவான சோயேயில் மட்டும் ஒரு பழங்கால இனம், யாரும் மேய்க்காமல், தானாகவே திரிந்துகொண்டிருந்தது. சிறிய உடம்பு, கரும்பழுப்பு நிறம், கொம்பு, ரோமம் வெட்டவே தேவையில்லாமல் தானாக உதிர்ந்துவிடும். 1932-இல் அந்தத் தீவிலிருந்து 107 ஆடுகளைப் பிடித்து ஹிர்ட்டாவில் விட்டார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் தீவனம் கிடையாது, மருத்துவர் கிடையாது, மருந்து கிடையாது, நாய் நரி ஓநாய் எதுவும் கிடையாது.

அந்த 107-இன் வம்சம்தான் இன்றைக்கு அங்கே சில வருடம் ஆறு நூறு, சில வருடம் இரண்டாயிரத்துக்கும் மேல் என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏறுவது மெதுவாக, இறங்குவது ஒரே குளிர்காலத்தில். தொகை பெருகிப் புல் போதாமல் போன வருடத்தில் புயலும் மழையும் சேர்ந்துகொண்டால், பிப்ரவரி, மார்ச்சுக்குள் பாதிக்கு மேல் செத்துவிடும். பழைய தீவுக்காரர்கள் பறவைக் கறியும் புல்லும் காயவைக்கக் கட்டிய கல் அறைகள் தீவு முழுக்க ஆயிரத்துக்கும் மேல் உண்டு, கிளீட் என்று பெயர். காற்றுக்கு ஒதுங்கி அதற்குள் நுழைகிற ஆடுகளில் பல அங்கேயே விழுந்துவிடும். வசந்தத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு கிளீட்டாகக் குனிந்து பார்த்துக் காதுப் பட்டையைக் கழற்றி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள்.

இங்கேதான் அந்தத் தீவின் அருமை. ஆடு எண்ணுவது 1950-களிலேயே ஆரம்பித்துவிட்டது, ஆனால் 1985-இலிருந்து கிராம விரிகுடாப் பகுதி ஆடுகளை ஒவ்வொன்றாக, பிறந்தது முதல் சாவது வரை, விடாமல் பின்தொடர்கிறார்கள். ஏப்ரலில் குட்டி விழுந்த ஓரிரு நாளில் பிடித்து எடை பார்த்துக் காதில் பட்டை போட்டு ஒரு துளி ரத்தமும் எடுத்துவிடுவார்கள். அப்பன் யார் என்பது டிஎன்ஏவில் தெரிந்துவிடும். ஆகஸ்ட்டில் ஆட்கள் வரிசையாக நின்று மந்தையை வளைத்துத் தற்காலிகப் பட்டிக்குள் ஓட்டி, காலை அளந்து, எடை பார்த்து, ரத்தம் எடுத்து, புழுக்கையும் எடுப்பார்கள். கையுறை போட்ட விரலால் நேரடியாகத்தான் எடுக்க வேண்டும், தரையில் கிடப்பதைப் பொறுக்கினால் எந்த ஆட்டினுடையது என்று தெரியாது. அதை உப்பு கரையும் அளவுக்குக் கரைத்த தண்ணீரில் கலக்கினால் புழு முட்டைகள் மேலே மிதந்து வரும். கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் விட்டு நுண்ணோக்கியில் எண்ண வேண்டியதுதான். ஒரு கிராம் புழுக்கைக்கு இத்தனை முட்டை என்பதுதான் இந்தக் கதை முழுக்க வரப்போகிற கணக்கு. பெரிய பெரிய அறிவியல் இதழ்களில் வந்த முடிவுகளுக்கு அடியில் கிடப்பது இந்தப் புழுக்கை வேலை. அதைச் செய்த தன்னார்வலர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

ஆட்டைக் கொல்வது குளிர் மட்டும் அல்ல. நாலாவது வயிற்றில் டெலடோர்சாஜியா என்றொரு மெல்லிய உருண்டைப்புழு குடியிருக்கிறது. முட்டை புழுக்கையோடு புல்லில் விழும், அதிலிருந்து வெளிவரும் இளம்புழு ஈரப் புல்நுனியில் ஏறி நிற்கும், ஆடு மேயும்போது உள்ளே போய் வயிற்றுச் சுவரின் சுரப்பிக்குள் புகுந்துகொள்ளும். பசி மந்தப்படும், புரதம் ஒழுகும். வருடம் முழுக்க வயிறு நிறையப் புல் கிடைக்கிற ஆட்டுக்கு இது ஒரு தொல்லை, பட்டினி கிடக்கிற ஆட்டுக்கு இது சாவு. 1989-இல் பெருஞ்சாவு வந்த நேரத்தில் ஃபிரான்சஸ் கல்லண்ட் என்ற ஆராய்ச்சியாளர் செத்த ஆடுகளை அறுத்துப் பார்த்து உள்ளே மண்டிக்கிடந்த புழுக்களைக் காட்டினார். சோதனைக்காகச் சில ஆடுகளுக்கு மட்டும் பூச்சி மருந்து கொடுத்தார்கள், அவை மற்றவற்றைவிட அதிகம் தாக்குப்பிடித்ததும் அந்தச் சோதனைகளில் தெரிந்தது.

சரி, எல்லா ஆட்டுக்கும் அதே புல், அதே புழு. அப்படியானால் சில ஆடுகள் தப்பிப்பது எப்படி?

இந்த இடத்தில் கொஞ்சம் மரபணு பேசியாக வேண்டும். முதுகெலும்புள்ள ஏறக்குறைய எல்லா உயிர்களிலும் எம்.எச்.சி. என்று ஒரு மரபணுக் கூட்டம் உண்டு. மனிதனுக்குச் சிறுநீரகம் மாற்றும்போது "பொருத்தம் பார்க்கணும்" என்கிறார்களே, அது இந்தக் கூட்டத்தைத்தான். செம்மறியில் இது 20-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. உள்ளே வந்த கிருமியையோ புழுவின் கழிவையோ விழுங்கிய செல், அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு துண்டைத் தன் வெளித்தோலில் ஏந்தி நிற்கும், ரோந்து வரும் டி-செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பார்த்து "இது நம்ம ஆள் இல்லை" என்று அடையாளம் கண்டால்தான் படை கிளம்பும். காவல் நிலையத்து அடையாள அணிவகுப்பு போலத்தான். அந்தத் துண்டை ஏந்துகிற புரதத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, பள்ளத்தின் வடிவத்தைப் பொறுத்தே எந்தத் துண்டு அதில் உட்காரும், எது வழுக்கி விழும் என்பது முடிவாகும். டிஆர்பி1 என்ற மரபணு இந்தப் பள்ளத்தை வடிவமைப்பவற்றில் ஒன்று. முதுகெலும்புள்ள உயிர்களின் மரபணுக்களிலேயே ஆளுக்கு ஆள் அதிகம் மாறுபடுவது இந்த எம்.எச்.சி. கூட்டம்தான்.

1990-களில் கிளாஸ்கோ பக்கம் மைக்கேல் ஸ்டியரும் கூட இருந்தவர்களும் ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் என்ற பண்ணை இனத்தில் இதைத் தேடினார்கள். டிஆர்பி1-இன் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை வைத்திருந்த ஆறுமாதக் குட்டிகளின் புழுக்கையில், எல்லோரிடமும் சகஜமாக இருக்கும் வடிவத்தை வைத்திருந்தவற்றைவிட 58 மடங்கு குறைவான முட்டைகள். 1995-இல் அச்சான இந்த எண்ணை முதலில் பார்த்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். இல்லை, 58 மடங்குதான். இவ்வளவு பெரிய விளைவு ஒற்றை மரபணுவிலிருந்து வருவது அபூர்வம்.

அப்படியென்றால் வேலை முடிந்தது, அந்த வடிவம் உள்ள கிடாயை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் கறிக்குப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அயர்லாந்தில் இன்னொரு குழு சஃபோக், டெக்செல் என்ற இரண்டு இனங்களில் அதே வடிவத்தைப் பார்த்தது. சஃபோக்கில் அது உதவியது. டெக்செலில் அந்தத் தொடர்பே தெரியவில்லை. இத்தனைக்கும் சஃபோக்கைவிடப் புழுவை நன்றாகத் தாங்குகிற இனம் டெக்செல், அதாவது அது வேறு வழியில் தாங்குகிறது. மரபணு தனியாக வேலை செய்வதில்லை, சுற்றியிருக்கிற மற்ற மரபணுக்களைப் பொறுத்தும், புழு எது, புல் எப்படி என்பதைப் பொறுத்தும் அதன் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது.

ஹிர்ட்டாவுக்குத் திரும்புவோம். 1998-இல் ஸ்டீவ் பேட்டர்சன், கென் வில்சன், ஜோசஃபின் பெம்பர்ட்டன் மூவரும் சோயே ஆடுகளின் எம்.எச்.சி. பகுதியைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சில வடிவங்களைக் கொண்ட குட்டிகள் முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது அதிகம், புழு முட்டையும் குறைவு. சில வடிவங்கள் இதற்கு நேர்மாறு. மருந்து ஊற்றி வளர்க்காத, மனிதன் தேர்ந்தெடுக்காத மந்தையில் இயற்கையே ஆள் பொறுக்குவது இப்படி நேரடியாகப் பதிவானது பெரிய விஷயம். 2001-இல் காமா இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞைப் புரதத்தின் மரபணுவிலும் ஒரு வித்தியாசம் தென்பட்டது, அதில் ஒரு வடிவம் இருந்த குட்டிகளுக்கு முட்டை குறைவு. காமா இன்டர்ஃபெரான் வைரஸ் போல செல்லுக்குள் ஒளியும் எதிரிக்கான ஆயுதம், வயிற்றுப்புழுவுக்கு வேறு வகைப் படை வேண்டும், ஒரு பக்கம் ஆள் அனுப்பினால் மறுபக்கம் குறையும் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் இந்த முடிவில் ஒரு நியாயம் தெரியும்.

107 ஆட்டிலிருந்து வந்த கூட்டத்தில் இத்தனை வகை எப்படி மிச்சமிருக்கிறது என்று கேட்கலாம், நானும் கேட்டேன். ஒரு காரணம், சோயே ஆடு நாம் நினைக்கிற அளவுக்குச் சுத்தமான பழங்கால இனம் இல்லை. சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் தீவுக்காரர்கள் வைத்திருந்த டன்ஃபேஸ் என்ற (இப்போது அழிந்துபோன) நாட்டு ஆட்டோடு ஒரு கலப்பு நடந்திருப்பது மரபணுவில் தெரிகிறது. "கலப்பே இல்லாத நாட்டு இனம்" என்று மார்தட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கு நன்றாக இருக்கும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

2010-இல் ஆண்ட்ரியா கிரஹாம் தலைமையில் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. பல வருடம் உறைய வைத்திருந்த ரத்த மாதிரிகளை எடுத்து, தன் உடம்பின் செல் கருவையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) எவ்வளவு இருக்கின்றன என்று அளந்தார்கள். மனிதனுக்கு லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களில் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஏஎன்ஏ சோதனை இருக்கிறதே, அதே வகை. இந்த அளவு அதிகம் என்றால் அந்த ஆட்டின் எதிர்ப்பு அமைப்பு பொதுவாகவே துடிப்பானது, எதைக் கண்டாலும் கைநீட்டுவது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்பன் ஆத்தாளிடமிருந்து குட்டிக்கு அந்தக் குணம் ஓரளவு இறங்குகிறது என்பதும் தெரிந்தது.

முடிவு இதுதான். இந்த எதிர்ப்பொருள் அதிகமாக இருந்த ஆடுகள் கொடுங்குளிரில் அதிகம் பிழைத்தன. ஆனால் அவை குட்டி போட்டது குறைவு. கிடாய்களுக்கு வாரிசு குறைவு, பெட்டைகள் சினைப்படுவதும் குறைவு. அப்படிப்பட்ட தாய்க்கு விழுந்த குட்டிகள் முதல் சில வாரத்தைத் தாண்டுவது மட்டும் கொஞ்சம் அதிகம். எதிர்ப்பொருள் குறைவாக இருந்த ஆடுகளோ நல்ல வருடங்களில் குட்டிகளாகப் போட்டுத் தள்ளி, கெட்ட வருடம் வந்ததும் முதலில் சாய்ந்தன. ஆக, எல்லாம் கணக்குப் பார்த்தால் இரண்டு வகையும் ஏறக்குறைய சமமாகவே முடிகின்றன. ஒன்று மற்றொன்றை ஒழிக்க முடியவில்லை.

இதற்கு ஒரு துணைச் சாட்சியும் அதே தீவில் உண்டு. ஆராய்ச்சிக்காகச் சில கிடாய்களைக் காயடித்து விட்டார்கள். நவம்பர் மாதம் மற்ற கிடாய்கள் பெட்டைக்குப் பின்னால் ஓடி, மேயாமல் முட்டி மோதி எலும்பும் தோலுமாகிக் குளிர்காலத்துக்குள் நுழையும், காயடித்தவை பாட்டுக்கு நின்று மேய்ந்துகொண்டிருக்கும். பெருஞ்சாவு வருடங்களிலும் அவை அதிகம் தப்பின. உடம்பில் இருக்கிற சத்து ஒன்றுதான், அதை இனப்பெருக்கத்தில் செலவழிக்கலாம், எதிர்ப்பொருள் செய்வதில் செலவழிக்கலாம், கொழுப்பாகச் சேர்த்து வைக்கலாம். இரண்டு தடவை செலவழிக்க முடியாது. எதிர்ப்பொருள் என்பது புரதம், அதைச் செய்யப் புல் வேண்டும், பிப்ரவரி மாத ஹிர்ட்டாவில் புல் இருக்காது. போதாக்குறைக்கு, அளவுக்கு மீறித் துடிக்கும் எதிர்ப்பு அமைப்பு தன் உடம்பையே கடிக்கும். வாட்ஸ்அப் காணொளிக்காரர்கள் இந்தப் பகுதியை மட்டும் எப்போதும் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு கோணமும் இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. புழுவை விரட்டுவது ஒரு வழி என்றால் புழுவோடு வாழப் பழகுவது இன்னொரு வழி. வயிறு நிறையப் புழு இருந்தும் எடை குறையாமல் திரியும் ஆடுகள் உண்டு. ஆடம் ஹேவர்ட் 2014-இல் ஹிர்ட்டா ஆடுகளின் முட்டை எண்ணிக்கையையும் எடையையும் சேர்த்துவைத்துப் பார்த்தபோது, அப்படித் தாங்கிக்கொள்ளும் ஆடுகள் வாழ்நாளில் அதிக வாரிசு விட்டதைக் கண்டார். ஆனால் அந்தத் தாங்கும் குணம் மரபு வழியாக இறங்குவதற்கான ஆதாரம் அந்தக் கணக்கில் கிடைக்கவில்லை. அதனால் கிடாயைப் பார்த்து "இது தாங்கும் வம்சம்" என்று சொல்லிவிட முடியாது.

எம்.எச்.சி. கதை 1998-உடன் முடியவில்லை. பழைய கருவிகளால் பள்ளத்தின் பக்கத்தில் இருக்கும் அடையாளத்தைத்தான் பார்க்க முடிந்தது, பள்ளத்தையே படிக்க முடியவில்லை. அப்புறம் வந்த ஆய்வுகளில் ஹிர்ட்டா மந்தையில் இந்தப் பகுதி எட்டு தொகுப்புகளாக மட்டுமே சுற்றுகிறது என்று தெரிந்து அவற்றுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு ஆட்டிலும் அப்பனிடமிருந்து ஒன்று, ஆத்தாளிடமிருந்து ஒன்று. 1989 முதல் 2012 வரை வாழ்ந்த 3400 ஆடுகளை எடுத்து, யார் எத்தனை வாரிசு விட்டார்கள் என்று 2022-இல் கணக்குப் பார்த்தார்கள். சி என்ற தொகுப்பு இருந்த கிடாய்களுக்கு வாழ்நாள் வாரிசு குறைவு, டி இருந்தவற்றுக்கு அதிகம். அந்த டிதான் மந்தையிலேயே அபூர்வமாக இருந்த தொகுப்பு, அது இந்த வருடங்களில் தற்செயலால் விளக்க முடியாத அளவுக்குப் பெருகி வந்திருக்கிறது. அபூர்வமாக இருப்பதே ஒரு பலமாக இருக்க முடியும். எல்லோரிடமும் இருக்கிற பள்ளத்தில் சிக்காமல் நழுவத்தான் புழுவும் கிருமியும் காலப்போக்கில் கற்றுக்கொள்கின்றன, யாரிடமும் இல்லாத பள்ளத்தை அவை பார்த்தே இருக்காது. டி ஏறுவதற்கு இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை, நான் அந்தப் பக்கம் சாய்கிறேன், அவ்வளவே.

குட்டிகளிடம் வேறு கதை. அங்கே எந்தத் தொகுப்பு என்பதைவிட, இரண்டு தொகுப்புகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறாக இருக்கின்றன என்பதே பிழைப்பைத் தொட்டது. அப்பன் தந்த பள்ளமும் ஆத்தாள் தந்த பள்ளமும் ஒன்றுபோல இருந்தால் இரண்டும் ஒரே வகைத் துண்டைத்தான் பிடிக்கும், வேறு வேறாக இருந்தால் பிடிபடும் எதிரிகளின் பட்டியல் நீளும். அப்படியானால் பெட்டைகள் தன்னிடம் இல்லாத வகைக் கிடாயாகப் பார்த்துச் சேருமா? எலியிலும் மனிதனிலும் வாசனையை வைத்து அப்படி நடக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு, வியர்வைச் சட்டையை மோந்து பார்க்கச் சொன்ன சோதனைகூடப் பிரபலம். ஹிர்ட்டாவில் 1997-இலேயே தேடிப் பார்த்தார்கள், அப்படி எந்தப் பொருத்தமும் பார்த்ததாகத் தெரியவில்லை. நவம்பரில் அங்கே கிடாய்கள் படுத்துகிற பாட்டில் பெட்டைக்கு மோந்து பார்க்க நேரம் எங்கே.

எம்.எச்.சி. மட்டும்தான் எல்லாம் என்றும் இல்லை. 2019-இல் அதே மந்தையின் முழு மரபணுத் தொகுப்பையும் துழாவியபோது, வயிற்றுப் புழுவுக்கு எதிரான ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் அளவு 24-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியோடு ஒட்டி வந்தது. அங்கே உட்கார்ந்திருப்பது எம்.எச்.சி.யின் ஒரு பிரிவையே இயக்கும் சுவிட்ச் போன்ற மரபணு. ஐஜிஏ எதற்கு முக்கியம் என்றால், அது புழுவைக் கொல்வதைவிட வளரவிடாமல் குட்டையாக்குகிறது. குட்டைப் புழு குறைவாகத்தான் முட்டையிடும். முட்டை குறைந்தால் புல்லில் இளம்புழு குறையும், அடுத்து மேய்கிற ஆட்டுக்கும் லாபம்.

ஆனால் எல்லா நோயிலும் இப்படிப் பல மரபணுக்கள் சேர்ந்துதான் வேலை செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. ஐஸ்லாந்துக்குப் போங்கள். 1933-இல் அந்த நாட்டு அரசு ஜெர்மனியிலிருந்து 20 கராகுல் ஆடுகளை இறக்குமதி செய்தது. பார்வைக்கு ஆரோக்கியமானவை. ஐஸ்லாந்து ஆடுகளோ ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் கொண்டுவந்ததிலிருந்து பெரும்பாலும் வெளியார் வாடை படாதவை. வந்த கராகுல் ஆடுகளுக்குள் ஒளிந்து வந்த மேடி என்ற, வைரஸால் வரும் நுரையீரல் நோய் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் பரவி, ஆடுகள் மூச்சு வாங்கி வாங்கிச் சாக ஆரம்பித்தன. கடைசியில் மாவட்டம் மாவட்டமாக இலட்சக்கணக்கான ஆடுகளை வெட்டி, வேலி போட்டு, சுத்தமான இடத்திலிருந்து புது ஆடு கொண்டுவந்து நிரப்பி, 1965-இல்தான் நோயை ஒழித்தார்கள். இந்த நோயை ஆராய்ந்த ஐஸ்லாந்து விஞ்ஞானி பியோர்ன் சிகுர்ட்சன்தான் 1954-இல் "மெதுவான தொற்று" என்ற கருத்தை முன்வைத்தார். பல வருடம் கழித்து எச்ஐவி வந்தபோது அது இதே வைரஸ் குடும்பத்துக்குள் போய் உட்கார்ந்தது.

இந்த வைரஸின் அமெரிக்க உறவினரை எதிர்க்கும் ஆடுகளை 2012-இல் நெப்ராஸ்காவில் தேடியபோது டிஎம்இஎம்154 என்ற ஒரு மரபணு கிடைத்தது. அந்தப் புரதத்தின் 35-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தால் போதும், தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைகிறது. இந்த மாதிரி விஷயத்தில் சோதனை செய்து கிடாயைப் பொறுக்குவது சரியான வழி என்றுதான் நினைக்கிறேன், அமெரிக்காவில் வளர்ப்போர் செய்தும் வருகிறார்கள். புழு அப்படி இல்லை. புழுவுக்குப் பின்னால் டஜன் கணக்கில் மரபணுக்கள், ஒவ்வொன்றுக்கும் சின்னப் பங்கு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதனால்தான் எந்த மரபணு என்று தோண்டாமல், கிடாயின் வாரிசுகளுடைய புழுக்கையில் முட்டை எண்ணி அதைக் கொண்டே மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பூச்சி மருந்து எதற்கும் மசியாத புழுக்கள் உலகம் முழுக்கப் பெருகிவிட்ட நிலையில் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

நம் ஊருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. சோயே ஆட்டின் புழு குளிர்ப் பிரதேசத்தது, நம் மாதிரி வெக்கை பூமியில் ஆட்டைச் சாய்ப்பது அதன் சொந்தக்காரனான ஹேமான்கஸ். ரத்தம் குடிக்கும் புழு. ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி என்று கணக்கு, ஐயாயிரம் புழு இருந்தால் நாளுக்குக் கால் லிட்டர் ரத்தம் போச்சு. சுந்தரவனத்துச் சதுப்பில் வளரும் காரோல் என்ற குட்டை இனம் இந்தப் புழுவை மற்ற இந்திய இனங்களைவிட நன்றாக எதிர்க்கிறது என்று மகாராஷ்டிரத்துப் பல்டனில் நடந்த ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். தண்ணீரும் சேறுமாக, புழுவுக்கு வசதியான இடத்திலேயே தலைமுறை தலைமுறையாக மேய்ந்த இனம், தாக்குப்பிடித்தது மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

எட்டயபுரம் பக்கம் எனக்கு ஒரு மாமா இருக்கிறார், பொட்டாடு வைத்திருக்கிறார், வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு போட்ட வேம்பூர் இனம். பூச்சி மருந்து ஊற்றுவதற்கு முன்னால் ஆட்டைக் கால் இடுக்கில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். ரத்தச் சிவப்பாக இருந்தால் விட்டுவிடுவார், வெளுத்திருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. தென்னாப்பிரிக்காவில் இதையே ஐந்து நிற அட்டையாக அச்சடித்து ஃபமாச்சா என்று பெயர் வைத்து உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றாமல் தேவைப்பட்டதற்கு மட்டும் ஊற்றினால், மருந்துக்கு மசியும் புழுக்களும் மந்தையில் கொஞ்சம் தங்கும், மருந்து சீக்கிரம் வீணாகாது என்பது கணக்கு.

போன தடவை போயிருந்தபோது ஹிர்ட்டா கதையை அவரிடம் சொன்னேன். குட்டி குறையும் என்ற இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப எந்தக் கிடாவைத்தான் வச்சுக்கிறது மாப்ள? நோய் தாங்குறதையா, குட்டி நெறையக் குடுக்குறதையா?"

"ஒரே கிடாவை வச்சு ஓட்டாதீங்க மாமா. வேற வேற மந்தையில இருந்து ரெண்டு மூணா வச்சுக்கோங்க. இமை வெளுக்காத தாய்க்குப் பிறந்ததாப் பாத்து எடுங்க. வருசா வருசம் மருந்து கேக்குற ஆட்டோட குட்டியை மட்டும் கிடாவா விடாதீங்க."

"அது எங்க அப்பனே சொல்லும்," என்றார். ஆனால் அவர் மந்தையில் இப்போது நிற்கிற கிடாய், அதற்கு முந்தின கிடாயின் மகன். கேட்டால், நல்ல உருப்படி, விற்க மனசு வரவில்லை என்கிறார். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையில் வேறு ஊர்க் கிடாய் ஒன்று தோதான விலைக்கு வந்தால் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.